மழை நடந்து வருவதைப் பார்த்தோம்

"அப்பா, மலையைக் காணோம்."

கயல்தான் முதலில் சொன்னாள். என் மூத்த மகள், ஏழு வயது. தொண்டூர்ப் பாறையின் உச்சியில் நின்று, மூக்கு நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடியை விரலால் மேலே தள்ளியபடி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த மலைம்மா?" என்றேன். நான் குனிந்து சின்னவளின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"நம்ம ஊரு மலைதான். ராஜகிரி. இப்பதான இருந்துச்சு."

நிமிர்ந்து பார்த்தேன். கால் மணி நேரத்துக்கு முன்பு வரை அடிவானத்தில் செஞ்சி மலைகள் மூன்றும் நீலமாகத் தெரிந்தன. இது ராஜகிரி, அது கிருஷ்ணகிரி, ஓரத்தில் இருப்பது சந்திரகிரி என்று நான்தான் கையைக் காட்டிச் சொல்லியிருந்தேன். இப்போது அந்த இடத்தில் ஒன்றுமில்லை. தரையிலிருந்து வானம் வரைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் இருந்தது.

அந்தச் சுவர் வந்துகொண்டிருந்தது.

முதலில் அது நகர்வதே தெரியவில்லை. பிறகு தூரத்துப் பனைமரங்களைப் பார்த்தேன். வரிசையாக நின்ற மரங்களில் ஒன்று மறைந்தது, அடுத்தது மறைந்தது. அப்புறம் ஒரு செங்கல் சூளை. அப்புறம் சாலையில் விளக்குப் போட்டு வந்த ஒரு பஸ், விளக்கோடு உள்ளே போய்விட்டது.

"இன்னாப்பா அது?" என்றாள் கயல்.

"மழைம்மா."

"மழை மேலேருந்துதான வரும்? இது நடந்து வருது."

எனக்கு வயது முப்பத்தெட்டு. எத்தனையோ மழையில் நனைந்திருக்கிறேன். மழை நடந்து வருவதை அன்றுதான் பார்த்தேன்.

எங்கோ இடி உருண்டது. என் மனைவி கலா சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வேடிக்கை பார்த்தது போதும். மின்னுது. மொட்டைப் பாறையில நிக்கக் கூடாது, எறங்குங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் மின்விசிறிக்கடியில் இருக்கவேண்டிய நாங்கள் நாலு பேரும் அந்தப் பாறை மேல் எதற்கு ஏறினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண் டாக்டர் சொன்ன மருந்து

கயல் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்துதான் எழுதுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். திண்டிவனத்தில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். கிட்டப்பார்வை என்று சொல்லிக் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். ஒரு வருடம் கழித்துப் போனபோது பவர் கூடியிருந்தது. அடுத்த ஆறு மாதத்தில் இன்னும் கூடியிருந்தது.

அந்த டாக்டரம்மா கயலிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஸ்கூல் விட்டு வந்தா இன்னா செய்வ?"

"படம் பார்ப்பேன். வரைவேன். அப்புறம் போன்."

"வெளியில விளையாட மாட்டியா?"

"அப்பா விடமாட்டாங்க. வெயிலு."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "தினமும் ஒரு மணி, ரெண்டு மணி நேரம் வெளி வெளிச்சத்துல இருக்கட்டும் சார். தூரத்துல இருக்கறதப் பார்க்கட்டும். சொட்டு மருந்தெல்லாம் அப்புறம் யோசிக்கலாம். வளர்ற கண்ணுக்கு வெளிச்சமும் மருந்துதான்" என்றார்.

முடிவை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கண்ணாடி கழலவில்லை. கடைசியாகப் பார்த்தபோதும் பவர் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. முன்பு போல் தாவவில்லை, அவ்வளவுதான். அதிசயம் எதுவும் கயலின் கண்ணுக்குள் நடக்கவில்லை.

திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது கலா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள். பகல் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பவள். வல்லம் தாண்டியதும் மெல்லச் சொன்னாள்: "கேட்டீங்களா? அப்பா விடமாட்டாங்கன்னு சொல்லுது புள்ள."

கூலி வெயில்

நான் ஏன் விடவில்லை?

என் நைனாவைப் பற்றி இந்தத் தொடரில் அங்கங்கே எழுதியிருக்கிறேன். இன்று புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: எங்களுக்கு நிலம் இல்லை. நைனா வேர்க்கடலை பிடுங்கும் காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போயும், மற்ற நாளெல்லாம் குவாரியில் கல் உடைத்தும் எங்களைப் படிக்கவைத்தார்.

வெயில் அவர் உடம்பில் தனியாக ஒரு தோல் மாதிரி இருந்தது. சட்டையைக் கழற்றினால் கழுத்துக்குக் கீழே வேறு ஆள் தெரிவார். சித்திரை மாதத்தில் குவாரியிலிருந்து வந்ததும் குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார். தண்ணீர் காலில் விழும்போது வெதுவெதுப்பாக இருக்கும். நான் பக்கத்தில் நின்று கால்விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தாலுகா ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்த அன்று நைனா ஆபீஸ் வாசல்வரை வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். "ஃபேன் உனக்கு நேரா இருக்குது" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

கயல் பிறந்தபோது அவளைக் கையில் வாங்கி, ஆஸ்பத்திரி ஜன்னலில் விழுந்த வெளிச்சத்திலிருந்து தள்ளி நின்றுகொண்டார். "இதும்மேல வெயிலு படக்கூடாதுடா. நம்ம வம்சம் காஞ்சது போதும்" என்றார். சின்னவள் நிலா பிறப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அந்தச் சொல்லை நான் ஒரு சத்தியம் போல் எடுத்துக்கொண்டேன். வாடகை வீட்டு ஜன்னல்களுக்குக் கனமான திரை போட்டேன். கூலர் வாங்கினேன். பள்ளிக்கூட வேன் வீட்டு வாசலில் நிற்கும். பிள்ளைகள் இரண்டும் வெளுத்து, குளிர்ந்து, உள்ளங்கால் பஞ்சு போல இருந்தன. அந்தப் பாதங்களைத் தொடும்போதெல்லாம் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

டாக்டரைப் பார்த்த அன்றைக்கு எங்களுக்குள் பெரிய பேச்சு வந்தது.

"உங்க வீட்டு ஆளுங்க வெயில்ல சாகல, அதனால உனக்கு ஈசியா இருக்குது" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. கலாவின் அம்மாவும் மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டத்துக்கு வெயிலில் கூடை வைத்து எலுமிச்சம்பழம் விற்றவர்தான்.

கலா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "மாமா பட்டது கூலி வெயிலு. உக்காருன்னு சொல்ல ஆளில்லாத வெயிலு. அதுல நம்ம புள்ளைங்க நிக்க வேணாம்னுதான் அவரு சொன்னாரு. புள்ளைங்களுக்கு வானமே வேணாம்னா சொன்னாரு?" என்றாள்.

நான் எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

குடையோடு கோட்டைக்கு

செஞ்சியில் இருப்பவர்களுக்குக் கோட்டை என்பது பஸ்ஸில் வரும்போது ஊர் வந்துவிட்டது என்று காட்டும் அடையாளம். வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்து ஏறுவார்கள். நாங்கள் வழி சொல்லுவோம். நான் ராஜகிரி உச்சிக்குப் போனது பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது ஒரே ஒரு தடவை.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பினோம். நான் ஒரு குடை, நாலு பாட்டில் தண்ணீர், குளுக்கோஸ் பாக்கெட், இரண்டு தொப்பி, ஈரத்துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டேன். கலா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில சேரப் போறோமா?" என்றாள்.

அன்று இருபது படிகூட ஏறவில்லை. நிலா தூக்கச் சொன்னாள். கயல் கால் வலிக்கிறது என்றாள். முறுக்குப் பாக்கெட்டை ஒரு குரங்கு வந்து, ஏதோ நாங்கள் அதற்காகவே கொண்டுவந்தது போல அமைதியாக வாங்கிக்கொண்டு போனது. நிலா அழுத அழுகையில் கோட்டைக் காவலர்கூடச் சிரித்துவிட்டார். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். "பார்த்தியா" என்று நான் கலாவைப் பார்த்தேன். "அடுத்த வாரமும் போறோம்" என்றாள் அவள்.

அடுத்த வாரம் மலையில் ஏறவில்லை. கீழே நெற்களஞ்சியத்துக்குள் போனோம். உள்ளே இருட்டும் குளுமையும் வௌவால் வாடையும். நிலாவுக்கு நாலு வயது. கதவு இல்லாத அந்த வாசலில் நின்று பயத்தில் "அம்மா" என்று கூப்பிட்டாள். களஞ்சியம் கனத்த குரலில் "அம்மா" என்றது.

நிலா அப்படியே நின்றாள். வாய் மூடவில்லை. பிறகு மெதுவாக, "நிலா" என்றாள். அதுவும் "நிலா" என்றது.

"அதுக்கு எம்பேரு தெரியுது" என்று எங்களிடம் ரகசியமாகச் சொன்னாள்.

கயல் தன் பேரைச் சொன்னாள். கலாவும் சொன்னாள். சுற்றிப் பார்த்து, ஆள் இல்லை என்று தெரிந்ததும் நானும் என் பேரைச் சொன்னேன். மன்னர்களின் நெல்லுக்காகக் கட்டிய அந்தப் பெரிய இருட்டு என் பேரை முழுசாகச் சொன்னபோது என் முதுகு சிலிர்த்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

அதன் பிறகு ஞாயிறுகள் தாமாகவே நடந்தன. வார நாட்களிலும் நான் ஆபீஸ் விட்டு வந்ததும் வெளிச்சம் இருக்கும்வரை சர்க்கரைக்குளத்துப் பக்கம் போய்வருவோம். குடை முதலில் விடுபட்டது. பிறகு குளுக்கோஸ். நிலா ஆட்டுப் புழுக்கையை ஏதோ விதை என்று நினைத்துப் பை நிறையப் பொறுக்கி வந்து துளசித் தொட்டியில் நட்டாள். தினமும் தண்ணீர் ஊற்றினாள். கயல் தூரத்துப் பாறைகளுக்குப் பேர் வைத்தாள். ஒன்றுக்கு இட்லி. ஒன்றுக்குத் தூங்கற யானை. ஒன்றுக்கு அவளுடைய கணக்கு டீச்சர் பேர்.

கிருஷ்ணகிரி உச்சிக்கு மூன்றாவது மாதம் ஏறினோம். பாதிவரை நிலா என் தோளில். மீதியை அவளே ஏறினாள். உச்சியில் காற்று வந்து அவள் கவுனைத் தூக்கி முகத்தில் போட்டது. கீழே ஊரைப் பார்த்து, "நம்ம வீடு எங்க?" என்று கேட்டாள். காட்டினேன். நம்பவில்லை. "அவ்ளோ சின்னதுலயா நாம இருக்கிறோம்?" என்றாள்.

இவ்வளவு நடந்தும் எனக்குள் ஒரு முள் இருந்துகொண்டேதான் இருந்தது. பிள்ளைகளின் கை கால் கறுத்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம், நைனா எங்கிருந்தோ பார்ப்பதாகத் தோன்றும். மாலையில் கால் கழுவிவிடும்போது அந்தப் பாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகி வருவது கையில் தெரியும். அவர் சொன்ன ஒரே சொல்லை நான் மீறிக்கொண்டிருக்கிறேனோ?

படுக்கைகள்

இனி அந்தப் பாறைக்கு வருகிறேன்.

ஆவணி கடைசியாகவோ புரட்டாசி தொடக்கமாகவோ இருக்கவேண்டும். கலாவோடு லேபில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குத் தொண்டூர் சொந்த ஊர். அங்கே பாறையில் வெட்டிய படுக்கைகள் இருக்கின்றன, ரொம்பப் பழைய காலத்துச் சமண முனிவர்கள் படுத்தவை என்று அவள் சொல்லியிருந்தாள். கல்லில் எப்படித் தூங்குவார்கள் என்று நிலா ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் புறப்பட்டுப் போனோம். முதலில் உச்சியைப் பார்த்துவிட்டு, இறங்கும்போது படுக்கைகளைப் பார்க்கலாம் என்று நினைத்தோம். அப்போதுதான் மலை காணாமல் போனது.

கலா நிலாவோடு முன்னே இறங்கினாள். நான் கயலின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால். பாதி இறங்குவதற்குள் காற்று வந்துவிட்டது. மண் வாசனையும், எங்கோ நனைந்த வைக்கோலின் வாசனையும். கீழே ஏரியில் தண்ணீர் ஒரு ஓரத்திலிருந்து வெள்ளையாகக் கொதித்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே சத்தம். பெரிய கூட்டம் ஒன்று ஓடிவருவது போல.

முதல் துளி என் காதில் கல் மாதிரி விழுந்தது.

"அப்பா, எனக்குத் தெரியல" என்றாள் கயல். கண்ணாடி முழுக்கத் தண்ணீர். துடைக்கத் துடைக்க நனைந்தது. அவள் அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு நாலடிக்கு அப்பால் எல்லாம் கரைந்துவிடும்.

தூக்கிக்கொள்ளக் குனிந்தேன். பாறை வழுக்கியது. தூக்கினால் இரண்டு பேரும் விழுவோம் என்று தெரிந்தது.  மேலே வெட்டி வெட்டி மின்னியது. நைனா சொன்னதை மீறி, பிள்ளையை இப்படி ஒரு பாறை மேல் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்று நினைத்தேன்.

"தூக்காத, நான் வரேன்" என்றாள் அவள். செருப்பைக் கழற்றினாள். கட்டைவிரலைப் பாறையில் அழுத்திப் பார்த்தாள். "உங்காலு எங்க வெக்கிறியோ அங்க வெக்கிறேன். நீ மெதுவா போ."

நானும் செருப்பைக் கழற்றினேன். ஒவ்வோர் அடியாக வைத்தேன். நான் காலை எடுத்த இடத்தில் அவள் காலை வைத்தாள். ஒரு தடவைகூட அந்தப் பாதம் வழுக்கவில்லை. கெட்டியாகிவிட்டதே என்று நான் வருத்தப்பட்ட அதே பாதம்.

கீழே ஒரு பெரிய பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கலா அதனடியிலிருந்து கத்தினாள். உள்ளே போய் விழுந்தோம். அடுத்த நொடி சுவர் வந்து சேர்ந்தது. வெளியே உலகமே இல்லை. வெறும் தண்ணீர்.

நாலு பேரும் மூச்சு வாங்கினோம். முதலில் சிரித்தது கலாதான். அப்புறம் எல்லோரும்.

"அம்மா, இங்க படுக்கை இருக்குது!" என்றாள் நிலா. வழவழப்பாக, ஆள் படுக்கும் நீளத்துக்கு, வரிசையாகக் கல்லில் வெட்டியிருந்தார்கள். தலை வைக்கும் பக்கம் கொஞ்சம் மேடு. "தலகாணியும் கல்லுலயே இருக்குது" என்று அவள் அதில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

நான் பக்கத்துப் படுக்கையில் உட்கார்ந்தேன். கையை வைத்தேன். விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. ஓரத்தில் வரிவரியாகச் சின்னச் சின்னக் கோடுகள். உளி பட்ட தடம். எனக்கு அதைச் சொல்லித்தர யாரும் வேண்டாம். அந்தத் தடம் எங்கள் வீட்டு அம்மியில் இருந்தது, வாசற்படியில் இருந்தது. நைனாவின் கையிலிருந்து விழுந்த ஒவ்வொரு கல்லிலும் இருந்தது.

"இத யாருப்பா செஞ்சா? சாமியாருங்களா?" என்றாள் கயல்.

"அவங்க படுத்திருப்பாங்க. வெட்டினது வேற ஒருத்தர். தாத்தா மாதிரி ஒருத்தர்."

"தாத்தா இங்க வந்தாரா?"

"இல்லம்மா. இது ரொம்ப நாளைக்கு முன்னாடி. தாத்தாவோட தாத்தாவுக்கெல்லாம் முன்னாடி."

அவள் தன் சின்ன விரலை அந்தக் கோடுகளில் ஓட்டினாள். ஒன்று, இரண்டு என்று தடவிக்கொண்டே போனாள். கலா என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் துடைப்பது போல் துடைத்துக்கொண்டேன். எல்லோரும் நனைந்திருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. வெயிலில் நின்று எத்தனையோ பேர் வெட்டிய நிழலில் என் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். அந்தப் படுக்கையில் நானும் சாய்ந்தேன். முதுகுக்குக் கீழே கல் இன்னும் பகல் சூட்டோடு இருந்தது. எத்தனையோ நாளாக உறுத்திக்கொண்டிருந்த முள் எப்போது விலகியது என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடி மழையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மழைக்குப் பிறகு

வந்தது போலவே அது போனது. சத்தம் மெலிந்தது. கயல் கண்ணாடியைக் கேட்டாள். கலா நனையாத பாவாடை ஓரத்தைத் தேடி அழுத்தித் துடைத்துக் கொடுத்தாள். கயல் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நாங்களும் வந்தோம்.



பாறை முழுக்கத் தண்ணீர் வெள்ளிக் கம்பிகளாக வழிந்துகொண்டிருந்தது. இப்போதுதான் பிறந்த நூறு ஓடைகள், ஒன்றை ஒன்று தேடிப்போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. மேற்கே மேகத்துக்கு அடியில் சூரியன் வந்திருந்தது. கழனிகள், பனைகள், ஏரி, ஈரத் தார்ச்சாலை எல்லாம் ஒரே மஞ்சளில் நின்றன. மழைச்சுவர் இப்போது எங்களுக்குக் கிழக்கே, முதுகைக் காட்டிக்கொண்டு வேறு ஊர்களை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

பாறைக் குழிகளில் தவளைகள் கத்த ஆரம்பித்தன. ஒன்று, பத்து, கணக்கில்லாமல். வறண்ட கல்லாக நாங்கள் மிதித்து ஏறிய அதே குழிகள். பாறை இடுக்கு மண்ணிலிருந்து ஈசல்கள் கிளம்பின. அந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் இறக்கையும் தனித்தனியாக மின்னியது. நிலா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவற்றுக்கு நடுவே நின்றாள். ஒன்று அவள் மூக்கில் உட்கார்ந்தது. அவள் மூச்சுவிடவில்லை.

கயல் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நாம வராதப்பவும் இதெல்லாம் நடக்குமா?"

"நடக்கும்மா."

"நாம வீட்டுல இருக்கும்போதும்?"

"அப்பவும்தான்."

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியும்?"

"முன்னாடியும்."

அவள் முகம் சுருங்கியது. அழப்போகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லை. கோபம். ஏழு வயதுக்கு அது பெரிய கோபம்.

"அப்ப ஏன்ப்பா எங்கிட்ட யாருமே சொல்லல?"